அடி ஸ்வரத்துக்கு ஆள் வேண்டும்

இடது கைச் சுண்டுவிரலுக்கு வேலையே இல்லை. பக்கத்து மோதிர விரலுக்கும் இல்லை.

போன வாரம் பெரியவளை இந்த இடத்தில்தான் பியானோ முன்னால் உட்கார வைத்துவிட்டு வந்தோம். தங்கை எழுதிய புது இசையின் மூன்றாம் பாகம் அப்போதுதான் அவள் கைக்கு வந்திருந்தது. எந்த ஸ்வரத்துக்கு எந்த விரல் என்று பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தவள், கடைசிப் பக்கத்தில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். திரும்பிப் போய் முதல் இரண்டு பாகங்களையும் புரட்டிப் பார்த்தாள். அங்கேயும் அதே கதைதான். முழு இசையும் இடது கைக்கு மூன்றே விரல்களை வைத்து எழுதப்பட்டிருந்தது.

மாதக்கணக்கில் வாசித்தும் இது அவள் கண்ணில் படவில்லை என்பதுதான் வேடிக்கை. கஷ்டமாக இருக்கிறதே, ஆனாலும் எப்படியோ கைக்குள் அடங்கிவிடுகிறதே என்று சந்தோஷப்பட்டதோடு சரி.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இது வீட்டுக்குள்ளேயே அமைந்த மூவர் குழு. பெரியவள் பியானோ. சின்னவள் வயலின். பெரியவளின் கணவர் செல்லோ, அதாவது வயலினுக்கு அண்ணன் மாதிரி இருக்குமே, உட்கார்ந்து கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிப்பார்களே, அது. வெளியாள் ஒருவரும் கிடையாது. அதனால் சண்டைக்கும் குறைச்சல் கிடையாது.

போன வருடம் பெரியவள் பாத்திரம் கழுவும்போது கண்ணாடி ஜாடி ஒன்று கைக்குள்ளேயே உடைந்தது. உள்ளங்கையின் ஓரம் ஆழமாகக் கிழிந்து, உள்ளே நரம்பு போய்விட்டது. தைத்தார்கள், கட்டினார்கள், பயிற்சி கொடுத்தார்கள். மூன்று விரல் பழையபடி வந்தது. இரண்டு விரல் வரவில்லை.

“இதுக்கு மேல எதிர்பார்க்காதீங்கம்மா” என்று டாக்டர் கடைசியாகச் சொன்னது அவளுக்கும் கணவருக்கும் மட்டும்தான் தெரியும். தங்கையிடம், “நாளுக்கு நாள் தேவலைடி” என்றே சொல்லி வந்தாள். பியானோக்காரிக்கு இடது கைச் சுண்டுவிரல்தான் அடித்தளம் போடும். அது இல்லை என்று தெரிந்தால் தங்கை வேறு ஆளைத் தேடுவாளோ என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பயம்.

இன்றைக்குச் சாயங்காலம் கச்சேரி. விபத்துக்குப் பிறகு முதல் மேடை. சின்னவள் தானே எழுதிய இசை வெளியே கேட்கப்போவதும் இதுதான் முதல் தடவை. இப்படிப்பட்ட நாளில் வீடு எப்படி இருக்க வேண்டும்? ஆனால் ஒரு வாரமாக உள்ளுக்குள் அடக்கி வைத்திருந்த பெரியவள் விடிந்ததிலிருந்து கொதித்துக்கொண்டிருந்தாள்.

செல்லோக்காரர் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“நீங்கதானே சொன்னீங்க?”

“எதை?”

“எதையா? என் விரலைப் பத்தி அவகிட்ட.”

“நான் ஏம்மா சொல்லப்போறேன்?”

“பின்னே அவளுக்கு எப்படித் தெரியும்? சோதிடமா பார்த்தா? ஒரு இடத்துல, ஒரே ஒரு இடத்துலயாவது சுண்டுவிரலுக்கு ஒரு ஸ்வரம் இருக்கா? குழந்தைக்குச் சோத்தைப் பிசைஞ்சு ஊட்டற மாதிரி எழுதி வெச்சிருக்கா.”

செல்லோக்காரர் வெண்ணெய்க் கத்தியைப் பார்த்தார். அவருக்குப் பொய் சொல்ல வராது. உண்மையைச் சொன்னாலும் பொய் சொல்கிறவர் மாதிரியே முழிப்பார், அது அவர் ஜாதகம். “சத்தியமா நான் வாயே திறக்கல” என்று அவர் சொன்னபோது பெரியவள் ஒரு வார்த்தைகூட நம்பவில்லை.

“பரிதாபம்” என்றாள். “என் சொந்தத் தங்கச்சி என்னைப் பார்த்துப் பரிதாபப்படறா. அதுக்கு நீங்க உடந்தை.”

“அவ அப்படி நினைச்சிருக்க மாட்டா.”

“நீங்க பேசாதீங்க. ரொட்டியைச் சாப்பிடுங்க.”

அவர் சாப்பிட்டார். வேறு வழி?

அவர் குளிக்கப் போன நேரத்தில் அவள் பியானோ முன்னால் உட்கார்ந்தாள். மூன்றாம் பாகத்தில் ஓர் இடம் உண்டு. மூன்று வாத்தியமும் வேகமாக மேலே ஏறி, பிறகு கடகடவென்று இறங்கி, கடைசியில் அடி ஆழத்தில் ஒரே ஒரு ஸ்வரத்தில் வந்து நிற்கும். அந்த ஸ்வரத்தைச் சின்னவள் செல்லோவுக்குக் கொடுத்திருந்தாள். பியானோ அதற்கு முன்னாலேயே நின்றுவிடும். அந்த இறக்கத்தையும் அடி ஸ்வரத்தையும் இடது கையை அகல விரித்து, சுண்டுவிரலைக் கீழேயும் பெருவிரலை மேலேயும் வைத்து, இரட்டையாகப் பிடித்துப் பார்த்தாள். மெதுவாக வாசித்தபோது வந்தது. இரண்டாம் தடவையும் வந்தது. அது போதும் அவளுக்கு. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அரங்கம் நூலகத்துக்குப் பின்னால் இருந்தது. ஒரு கல்யாணத்துக்குக்கூடப் போதாத சின்னக் கூடம். நாற்காலிகள் இன்னும் ஒன்றின்மேல் ஒன்றாகச் சுவரோரம் அடுக்கியே கிடந்தன. பியானோவுக்குச் சுருதி சேர்க்க வந்தவர் வேலையை முடித்துக் கருவிகளைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

“அடிப்பக்கம் பிரமாதமா இருக்கும்மா. தைரியமா அடிங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனுஷர், வேறொன்றும் நினைத்துச் சொல்லவில்லை. பெரியவளுக்குத்தான் அது சுருக்கென்று தைத்தது.

சின்னவள் ஏற்கெனவே வந்து, அக்காவின் பக்கங்களைப் பெரிய அட்டைகளில் ஒட்டிப் பியானோ மேல் நிறுத்திக்கொண்டிருந்தாள். பக்கம் திருப்ப ஆள் வைக்காமல் சமாளிக்க அவள் கண்டுபிடித்த உபாயம் அது. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு பாதியில் நின்றது.

“என்னக்கா, தூங்கலியா?”

“தூங்கினேன். ஆரம்பிக்கலாமா?”

முதல் பாகம் போயிற்று. இரண்டாம் பாகம் போயிற்று. மூன்றாம் பாகத்தில் அந்த இடம் வந்ததும் பெரியவள் கையை எடுத்துவிட்டாள்.

“இந்த இடத்துல அடி காலியா கிடக்கு.”

“காலியா இல்லக்கா. அத்தான் இருக்காரே.”

“அவர் ஒத்தை ஆளா எப்படித் தாங்குவார்? பியானோவும் கூட இறங்கணும். ரெட்டையா.”

“வேணாம்.”

“ஏன் வேணாம்?”

“நல்லா இருக்காது.”

“வாசிக்காமயே உனக்கு எப்படித் தெரியும்?”

செல்லோக்காரர் வில்லின் முறுக்கைச் சரிசெய்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டார்.

இந்த மூவரிடமும் ஒரு விதி உண்டு. போட்டவள் பெரியவள்தான். ஒத்திகையில் வாயால் வாதாடக் கூடாது. ஓர் இடம் வேறு மாதிரி இருந்தால் தேவலை என்று யாருக்காவது தோன்றினால், அதை வாசித்துக் காட்ட வேண்டும். கேட்டுவிட்டு மற்ற இருவரும் தலையாட்டினால் சரி. ஆட்டாவிட்டால் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. குழு ஆரம்பித்த புதிதில், எந்த வேகத்தில் எடுப்பது என்று ஒரு மத்தியானம் முழுக்கத் தொண்டை கட்டக் கத்திவிட்டு, ஒரு ஸ்வரம்கூட வாசிக்காமல் மூன்று பேரும் எழுந்து போன நாளில் போட்ட விதி அது.

“விதி என்ன?” என்று கேட்டாள் பெரியவள்.

“அக்கா, இன்னிக்கு வேணாமே.”

“விதி என்னன்னு கேட்டேன்.”

“வாசிச்சுக் காட்டணும்” என்றாள் சின்னவள், தரையைப் பார்த்துக்கொண்டு.

“எடுங்க. வேகமாவே எடுங்க.”

எடுத்தார்கள். மூன்று பேரும் ஏறினார்கள், உச்சியைத் தொட்டார்கள், இறங்க ஆரம்பித்தார்கள். பெரியவளின் இடது கை அகல விரிந்து முதல் சில படிகள் சரியாகத்தான் இறங்கியது. அடுத்த படியில் சுண்டுவிரல் கட்டையைத் தொட்டது, ஆனால் அழுத்தவில்லை. அதற்கடுத்ததில் பக்கத்துக் கட்டையையும் சேர்த்து அழுத்தி அபசுரமாக அலறியது. அடி ஸ்வரம் வரவே இல்லை. கட்டையில் நகம் பட்ட சத்தம் மட்டும் ‘டொக்’ என்று கேட்டது.

“இன்னொரு தடவை” என்றாள்.

இன்னொரு தடவை இதைவிட மோசமாக இருந்தது.

காலி அரங்கத்தில் சத்தம் சீக்கிரம் அடங்காது, தெரியுமா? அந்த அபசுரம் சுவருக்குச் சுவர் போய் வந்து, எல்லோர் காதிலும் நன்றாக விழுந்த பிறகுதான் ஓய்ந்தது. ஒரு வருடமாகப் பொத்திப் பொத்தி வைத்ததை, தானே போட்ட விதியைச் சொல்லி, தானே வாசித்துக் காட்டிவிட்டாள்.

பெரியவள் பியானோ மூடியை மெல்ல இறக்கினாள். அவள் ஓங்கி அறைந்திருந்தால்கூட மற்ற இருவருக்கும் தேவலையாக இருந்திருக்கும்.

“கொஞ்சம் காத்து வாங்கிட்டு வரேன்” என்று எழுந்து போனாள்.

பின்வாசலில் நாலைந்து படிகள். எதிரே ஒரு சலவைக் கடை. வண்டியிலிருந்து ஓர் ஆள் வெள்ளை விரிப்புகளைக் கட்டுக்கட்டாக இறக்கிக்கொண்டிருந்தார். பெரியவள் படியில் உட்கார்ந்து அதையே பார்த்தாள். அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இனிமேல் நான் எதற்கு இவர்களோடு என்ற ஒரே நினைப்புதான் திரும்பத் திரும்ப வந்தது. சாயங்காலம் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாமா? அழைப்பு போயாயிற்று. சின்னவள் எழுதிய முதல் இசை. அவள் வாழ்க்கையில் இந்த நாள் இன்னொரு தடவை வராது.

கதவு திறந்தது. சின்னவள் வந்து ஒரு படி கீழே உட்கார்ந்தாள்.

“அத்தானைத் திட்டாதே. அவர் ஒண்ணும் சொல்லல.”

“பின்னே யார் சொன்னா?”

“யாராவது சொல்லணுமா? மாசக்கணக்கா உன் பக்கத்துல நின்னு வாசிக்கறேன். எனக்கென்ன காது அடைச்சா போச்சு?”

பெரியவளுக்கு இத்தனை நாள் கணவரைச் சந்தேகப்படுவது சுலபமாக இருந்தது.

“சரி. காது கேட்டுது. அதுக்காகப் பரிதாபப்பட்டு எழுதினியா?”

அவ்வளவுதான், சின்னவளுக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ! எழுந்தே நின்றுவிட்டாள்.

“பரிதாபமா? முதல் பாகத்துல பெருவிரலை ஒரு கோடியில, நடுவிரலை ஒரு கோடியிலன்னு தாவ விட்டிருக்கேன். அதைப் பழகறதுக்குள்ள நீ என்ன திணறு திணறினே! ‘இதை எழுதின கையை உடைக்கணும்’னு சொன்னது யாரு?”

“நான்தான்.”

“பரிதாபப்படறவ இப்படியா எழுதுவா? பத்து விரலும் சுகமா இருக்கறவங்க வந்து வாசிக்கட்டும், முழி பிதுங்கிப்போகும். எதிர்ல இருக்கற ஆளைப் பார்த்துத்தான் நான் எழுத முடியும். அத்தானுக்கு வேகம் அவ்வளவா வராது, ஆனா ஒரு ஸ்வரத்தை இழுத்தார்னா உட்கார்ந்து கேட்கலாம். அதனால அவருக்கு நீளம் நீளமா எழுதினேன். நான் ரொம்ப மேல போனா சத்தம் கீச்சுங்கும், அதனால நடுவுலயே சுத்திக்கிட்டிருக்கேன். தையல்காரன் அளவெடுக்காமயா தைப்பான்? உனக்கும் அளவெடுத்தேன்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு எடுக்கறதுதானே?”

“சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பே?”

பெரியவள் யோசித்தாள். “கிழிச்சுப் போட்டிருப்பேன்.”

“அதான் சொல்லல.”

பெரியவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேண்டாம் வேண்டாம் என்று அடக்கியும் வந்துவிட்டது. அக்கா சிரித்ததைப் பார்த்ததும் சின்னவள் மறுபடி உட்கார்ந்து அவள் முழங்காலில் தலையைச் சாய்த்தாள். வாய்க்கு வந்தபடி பேசிவிட்டு உடனே இப்படிக் குழைவது அவள் சின்ன வயதிலிருந்தே செய்கிற காரியம்.

“கொஞ்ச நாளைக்குத்தானேக்கா” என்றாள். “விரல் சரியானதும் அந்த இடத்தையெல்லாம் நிரப்பிடலாம். அதுக்காகத்தான் காலியா விட்டு வெச்சிருக்கேன்.”

பெரியவளின் சிரிப்பு அப்படியே நின்றது.

பாருங்கள், இதுதான் விஷயம். இவள் பரிதாபம் என்று நினைத்துக் கொதித்தது ஒரு பக்கம். அவளோ, இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்று அந்த இரண்டு விரல்களுக்கும் இடம் போட்டு வைத்துக் காத்துக்கொண்டிருக்கிறாள். ‘நாளுக்கு நாள் தேவலை’ என்று இவள் சொன்னதை அப்படியே நம்பிக்கொண்டு!

“சரியாகாது” என்றாள் பெரியவள்.

“என்ன?”

“சரியாகாதுடி. போன தடவை போனப்பவே டாக்டர் சொல்லிட்டார். இதுக்கு மேல வராதாம். இவ்வளவுதானாம்.”

சின்னவள் தலையைத் தூக்கினாள். முகத்தில் ஈயாடவில்லை.

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா நீ வேற ஆளைத் தேடிக்கணுமே. உன் இசைக்கு முழுக் கை உள்ள ஆள் வேணுமே. நீ தேடிடுவியோன்னு பயந்தேன். பயமா இருந்துதுடி எனக்கு.”

“உனக்கென்ன பைத்தியமா? நீ இல்லாம எனக்கு எழுதவே தெரியாது. பியானோன்னு நினைச்சாலே உன் கைதான் ஞாபகம் வருது, நான் என்ன பண்ணட்டும்?” என்று கேட்டுவிட்டுச் சின்னவள் ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். சலவைக் கடைக்காரர் விரிப்புக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

ஆறுதல் தேடி வந்த பெரியவள் ஆறுதல் சொல்ல வேண்டியதாயிற்று. தங்கையின் கண்ணைத் துடைத்தாள். அப்புறம்தான் தன் கண்ணும் நனைந்திருப்பது தெரிந்தது. மனசுக்குள் அடைத்திருந்த ஏதோ ஒன்று இறங்கியிருந்தது.

“போதும், மூஞ்சி வீங்கிப்போகும். சாயங்காலம் மேடையில இந்த லட்சணத்துலயா நிக்கப்போறே?”

“நீ வருவியா?”

“வராம? நீ எழுதினபடியே வாசிக்கறேன். அடி ஸ்வரம் அவரோடது. நான் தொடல.” எழுந்து உடையில் ஒட்டிய தூசியைத் தட்டினாள். “ஆனா இனிமே ஒண்ணு. அடுத்ததை எழுதும்போது என்னைப் பக்கத்துல உட்கார வெச்சு அளவெடு.”

“அடுத்ததா?”

“பின்னே? ஒண்ணோட நிறுத்திக்கறதா உத்தேசமா?”

கதவுக்கு உள்பக்கம் செல்லோக்காரர் கையில் இரண்டு டீக் கோப்பைகளோடு நின்றிருந்தார். வெளியே போகலாமா கூடாதா என்று தெரியாமல், ஒட்டுக்கேட்கவும் மனசு வராமல், தள்ளியே நின்று நின்று டீ ஆறிப்போயிருந்தது. “சூடா வேற எடுத்துட்டு வரட்டுமா?” என்றார். காலையில் சந்தேகப்பட்டதற்குப் பெரியவள் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆறின டீயை வாங்கி ஒரே மடக்கில் குடித்தாள். அவருக்குப் புரிந்தது. ஆனால் படியில் என்ன முடிவானது என்பதை இருவரும் அவரிடம் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதை அவர்கள் கவனிக்கவும் இல்லை.

சாயங்காலம் நாற்காலிகள் அநேகமாக நிறைந்துவிட்டன. உறவுக்காரர்கள் பாதி, நூலகத்துக்கு வந்து போகிறவர்கள் மீதி. மேடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் பெரியவள் விரல்களுக்குச் சூடேற்றிக்கொண்டிருந்தாள். கை சில்லிட்டிருந்தது. வழக்கம்போல ஒவ்வொரு விரலாக மேசை விளிம்பில் அழுத்தினாள், சுண்டுவிரலையும் சேர்த்துத்தான். நிமிர்ந்தபோது கணவர் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நிற்பது தெரிந்தது.

“என்ன?”

“ஒண்ணுமில்ல. நீ உன் இஷ்டப்படி வாசி. நான் பார்த்துக்கறேன்.”

அதில் அவளுக்குத் தப்பாக ஒன்றும் தெரியவில்லை.

மேடை ஏறினார்கள். முதல் பாகத்தில் பெருவிரலும் நடுவிரலும் தாவுகிற தாவலில் முன்வரிசையில் ஒருவர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். பெரியவளுக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. இத்தனை நாள் இதைக் கஷ்டம் என்றுதான் நினைத்திருந்தாள். இன்றைக்கு, இது என் கைக்கென்றே எழுதியது, வேறொருத்தி கைக்கு வராது என்று நினைத்தபோது நெஞ்சு நிமிர்ந்தது. இரண்டாம் பாகத்தில் செல்லோக்காரர் இழுத்த இழுப்பில் கூடம் மூச்சுக் காட்டாமல் இருந்தது. சும்மா சொல்லக்கூடாது, மனுஷர் வாசித்தார்.

மூன்றாம் பாகம் ஆரம்பித்தது. ஏறினார்கள். உச்சியைத் தொட்டார்கள். கடகடவென்று இறங்கினார்கள். எழுதியபடி பெரியவள் கடைசிப் படிக்கு முன்னாலேயே கையை எடுத்தாள். அடுத்தது செல்லோவின் அடி ஸ்வரம். அதைக் கேட்டுக்கொண்டுதான் வயலின் உள்ளே வர வேண்டும்.

ஸ்வரம் வரவில்லை.

பெரியவள் திரும்பினாள். செல்லோக்காரரின் வில் கம்பிக்கு மேலே காற்றில் நின்றது. அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார், வாசி என்கிற மாதிரி. அவளுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. இவள் விடமாட்டாள், அடி ஸ்வரத்தை இன்றைக்கு வாசித்தே தீருவாள், நம் சத்தத்தில் அந்த விரல் அமுங்கிப்போகக் கூடாது என்று மனுஷர் தன் ஸ்வரத்தை விட்டுக்கொடுத்துவிட்டார். அவளோ அதை அவருக்கென்று விட்டுவிட்டாள். ஸ்வரம் கேட்டால்தானே வருவேன் என்று சின்னவள் வில்லைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்ததில் ஸ்வரம் நடுத்தெருவில் நின்றது.

கூடத்தில் ஒரு சத்தம் இல்லை. யாரும் இருமக்கூட இல்லை. புது இசைதானே, இப்படித்தான் எழுதியிருக்கிறது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

யாராவது ஏதாவது செய்ய வேண்டும். இரண்டு பேரும் பெரியவளையே பார்த்தார்கள். நடுவிரலால் அழுத்தினால் போதும், காரியம் முடிந்துவிடும், யாருக்கும் தெரியாது. இடது கையைக் கீழே கொண்டுபோனாள். அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. இப்போது எந்த அவசரமும் இல்லை. ஓடிப் பிடிக்க வேண்டிய வேகம் ஏதும் இல்லை. இந்த விரல் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

சுண்டுவிரலைக் கட்டைமேல் வைத்தாள். விரலுக்கு வலு இல்லை என்பதால் தோளிலிருந்தே மெல்லச் சாய்ந்தாள். கட்டை கொஞ்சம் இறங்கியது, நின்றது, இன்னும் கொஞ்சம் இறங்கியது.

வந்தது. அடி ஆழத்திலிருந்து, மெல்லிசாக, ஆனால் சுத்தமாக வந்தது. அது அந்தக் கூடம் முழுக்கப் பரவுகிற வரைக்கும் யாரும் அசையவில்லை. பிறகு சின்னவளின் வயலின் உள்ளே வந்தது. செல்லோக்காரர் தன் வில்லை இறக்கி அதே ஸ்வரத்தில் மனைவியோடு சேர்ந்துகொண்டார். பெரியவளுக்கு எதிரே இருந்த அட்டை முழுக்க மங்கலாகத் தெரிந்தது. மீதியை மனப்பாடத்தில்தான் வாசித்தாள்.

கைதட்டல் அடங்கி உள்ளே வந்ததும் முதல் வேலையாகக் கணவரைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏங்க, அடி ஸ்வரம் உங்களோடதுதானே?”

“நீ வாசிக்கப்போறேன்னு நினைச்சேன்.”

“வாசிக்க மாட்டேன்னு படியில உட்கார்ந்து இவகிட்ட சொன்னேனே!”

“என்கிட்ட யாரு சொன்னீங்க?”

“டீயை வெச்சுக்கிட்டு உள்ளேயே நின்னா எப்படித் தெரியும்?” என்றாள் சின்னவள். மூன்று பேருக்கும் சேர்ந்தாற்போல் சிரிப்பு பீறிட்டது. செல்லோக்காரர் சிரிப்பில் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் வாசலில் ஒரு பெண்மணி வந்து நின்றார். வானொலி நிலையத்தில் இசை நிகழ்ச்சிகளைப் பார்த்துக்கொள்கிறவராம். யாரோ சொல்லிக் கேட்க வந்தாராம்.

“அடுத்த மாசம் எங்க பெரிய ஸ்டுடியோவுல, ஆட்களை உட்கார வெச்சு நேரடி ஒலிபரப்பு இருக்கு. நீங்க மூணு பேரும் இதையே வாசிக்கணும். மறுக்கக் கூடாது.”

சின்னவள் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிடியில் நகம் பதிந்தது.

“கடைசியில வர்ற அந்த மௌனம் இருக்கே, எனக்குப் புல்லரிச்சுப் போச்சுங்க. யாரோட யோசனை அது?”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“குடும்ப யோசனைங்க” என்றார் செல்லோக்காரர்.

“ஆனா அதுலதான் ஒரு சிக்கல்” என்றார் அந்தப் பெண்மணி. “ரேடியோவுல அவ்வளவு நேரம் சத்தம் நின்னா, நிலையமே படுத்துடுச்சுன்னு நினைச்சுக்கிட்டு எங்க மெஷின் தானாவே விளம்பரத்தைப் போட்டுடும். அதை மட்டும் கொஞ்சம் குறைச்சுக்க முடியுமா?”

“தாராளமா குறைச்சுக்கலாங்க” என்றாள் சின்னவள் அவசரமாக. “அந்த ஸ்வரத்தை அத்தானே…”

“ஆமாங்க, நானே வாசிச்சுடுவேன்” என்று செல்லோக்காரரும் கூடவே சொன்னார். இருவரும் போட்டி போட்டுக்கொண்டு அவளைக் காப்பாற்றப் பார்த்தார்கள்.

ஒரு வருடமாக வெளியாள் யார் எதிரில் வந்தாலும் இடது கையை வலது கையால் மூடிக்கொள்வது பெரியவளின் வழக்கம். இப்போதும் அப்படித்தான் மூடியிருந்தாள். நல்ல வாய்ப்பு. பெரிய மேடை. தங்கையின் இசை எத்தனையோ பேர் காதில் விழப்போகிறது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. விரலைப் பற்றி யாருக்கும் தெரியவும் தெரியாது.

“குறைக்க முடியாதுங்க” என்றாள்.

“ஏங்க?”

பெரியவள் வலது கையை எடுத்துவிட்டு இடது கையை அந்தப் பெண்மணிக்கு முன்னால் நீட்டினாள். உள்ளங்கையின் ஓரத்தில் தையல் போட்ட தழும்பு வெளிச்சத்தில் நன்றாகத் தெரிந்தது.

“இந்தச் சுண்டுவிரல் அடிபட்ட விரல். மெதுவாத்தான் வரும். இது வர்ற வரைக்கும் இவங்க ரெண்டு பேரும் காத்திருக்காங்க. உங்க மெஷினும் கொஞ்சம் காத்திருக்கணும்.”

அந்தப் பெண்மணி விரலைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு கைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

“ஒரு நிமிஷம் இருங்க. எங்க இன்ஜினியர்கிட்ட கேட்டுடறேன்.”

மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. பெரியவள் நீட்டிய கையை மடக்கவில்லை.